நலம் என்று எழுத மறுத்தவள்

செலின் இறந்த செய்தி எனக்கு ஓர் இன்லேண்டு கடிதத்தில் வந்தது. சேலத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், காலை நோயாளிகளின் வரிசை பாதிகூட நகராத நேரத்தில், தபால்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அனுப்பியவர் ஆரோக்கியம் என்று இருந்தது. அவளுடைய தம்பி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து செலினைத் தவிர எனக்கு எழுதுகிறவர் யாரும் கிடையாது. வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் பிரித்தேன். ‘அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை இறந்துவிட்டார். மறுநாள் அடக்கம் செய்துவிட்டோம். மார்பில் கட்டி. ஒன்றரை வருடமாக இருந்திருக்கிறது. தங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மன்னிக்கவும்.’ அவ்வளவுதான் கடிதம்.

அந்த ஒன்றரை வருடத்தில் அவள் எனக்கு ஏழு கடிதங்கள் எழுதியிருக்கிறாள். ஏழிலும் முதல் வரி ஒன்றுதான்: ‘நான் நலம். தங்கள் நலமறிய ஆவல்.’ நான் டாக்டர். ஏழு முறையும் அதைப் படித்து, பரவாயில்லை, நன்றாக இருக்கிறாள் என்று மடித்து வைத்தேன். பழைய ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்து, இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு இது எத்தனை பெரிய கேவலம் என்று புரியும். அவளை அறியாதவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

முதலில் ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவருக்கு மாலை போடுவது போல இருந்தது. செலின் என்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவள். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் அடுத்தடுத்த அறை. என் சாம்பாரை அவள் குறை சொல்வாள், அவள் களியை நான் குறை சொல்வேன். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவென்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் முப்பது கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. படிப்பை முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். செலின் ரிஜிஸ்டர் எழுதும் வேலையில் இருந்தாள். பிரசவ வார்டு ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டம் ‘வீடு திரும்பும்போது நிலை’. அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர் கைவலி மிச்சம் என்று அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார். ‘தாயும் சேயும் நலம்.’ நல்ல ஊதா மையில் அழகாக விழும். நான் சேர்ந்து ஓராண்டு இருக்கும். ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்.

“கேக்காம இல்லீங்க டாக்டரம்மா. ஒவ்வொருத்தரையும் கேட்டேன். எல்லாரும் நல்லா இருக்கறேன்னுதான் சொல்றாங்க.”

“அப்புறம் என்ன? எழுத வேண்டியதுதானே?”

“தையல் பிரிஞ்சு கெடக்கற பொண்ணும் அதையேதாங்க சொல்லுது. வூட்டுக்குப் போறப்ப நம்மகிட்ட கொறை சொல்லிட்டுப் போறது மருவாதி இல்லைன்னு நெனைக்கறாங்க. அத நம்பி நான் எப்பிடிங்க எழுதறது?”

நான் பார்த்துத்தான் அனுப்புகிறேன், எழுத்தருக்கு எழுத்து வேலை போதும் என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. “நீங்க பாக்கறது அன்னைக்குக் காலையிலங்க. அவங்க அந்த ஒடம்புலதானுங்க மீதி நாளெல்லாம் இருக்கணும்” என்றாள். கோபத்தில் ரிஜிஸ்டரைப் பிடுங்கி, அந்த வாரத்துக் கட்டங்களை எல்லாம் என் கையாலேயே நிரப்பினேன். நலம், நலம், நலம். அதிலிருந்து அந்தக் கட்டம் என் வேலையாயிற்று. என் கையெழுத்து அப்போது திருத்தமாக இருக்கும்.

அவள் வாயை அடைக்கத்தான் நான் கார்டு யோசனையைக் கொண்டுவந்தேன். தபாலாபீசில் இரட்டைக் கார்டு கிடைக்கும். ஒரு பாதி நாம் எழுதுவது, மறு பாதி பதில் போடுவதற்கு. வீடு திரும்பும் ஒவ்வொரு தாயிடமும் எங்கள் முகவரி எழுதிய பதில் பாதியைக் கொடுத்து, நாற்பத்தைந்து நாள் கழித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதிப் போடச் சொன்னோம். நிர்வாகி மகிழ்ந்துபோனார். இந்த ஜில்லாவிலேயே யாரும் செய்யாதது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்டுகள் நிஜமாகவே வந்தன. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ தபால்காரரிடமோ சொல்லி எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, முதல் வரியில் ‘நலம்’ இருக்கிறதா என்று பார்த்து, பச்சை மையில் டிக் போட்டுக்கொண்டே போனேன். கட்டு முழுக்க நலம். தேநீர் வேளையில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு செலினை ஒரு பார்வை பார்த்தேன். அவள் கட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஒரே ஒரு கார்டோடு வந்தாள். “இத முழுசாப் படிச்சீங்களா?” என்றாள். இன்றைக்கும் அதை என்னால் வரி பிசகாமல் சொல்ல முடியும். ‘டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். நிற்க. என் சம்சாரம் சாலம்மாள் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் குளிர் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள். குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கிறோம்.’ முதல் வரியின் ஓரத்தில் என் பச்சை டிக் இருந்தது.

நம் ஊரில் நலம் என்று தொடங்காத கடிதம் உண்டா? மூன்றாம் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய துக்கமானாலும் ‘நிற்க’ என்ற சொல்லுக்குப் பிறகுதான் வரும். சாலம்மாளின் புருஷனுக்கு எழுதிக்கொடுத்த வாத்தியார் முறையாகத்தான் எழுதியிருந்தார். அந்த முறையிலேயே வளர்ந்த நான் அதைப் படிக்கவில்லை. செத்துப்போன ஒரு பெண்ணை, என் கையால் பிரசவம் பார்த்த பெண்ணை, நன்றாக இருப்பவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டேன். மற்ற கார்டுகளிலும் ‘நிற்க’வுக்குப் பின்னால் ஏதேதோ இருந்தன. பால் கட்டிக்கொண்டது, காய்ச்சல் விடவில்லை, குந்தி எழ முடியவில்லை. எல்லாவற்றுக்கும் டிக்.

செலின் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாலம்மாளின் ஊருக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். வார்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. அந்த மனிதர் அவளுக்கு மோர் கொடுத்து, கார்டு போட்டு டாக்டரம்மாவுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் செலின் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

அதற்குப் பிறகு ‘நலமா’ என்ற கேள்வியையே அவள் தூக்கி எறிந்துவிட்டாள். காரிமங்கலத்தில் சந்தை கூடும் நாளில் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். செலின் புளியும் தக்காளியும் விற்கும் பக்கமாகப் போய் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். எங்களிடம் பிரசவித்துப் போனவர்களை அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். எத்தனை குடம் தண்ணி எடுக்கிறாய், குந்தி உட்கார்ந்து களை வெட்ட முடிகிறதா, பிள்ளைக்குப் பால் போதுகிறதா, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் பயமாக இருக்கிறதா, சந்தைக்கு எப்படி வந்தாய். ஐந்தே கேள்வி. பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்வாள். இதென்ன கேள்வி, குடத்துக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கிண்டல் செய்தேன்.

“ஒடம்பப் பத்திக் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு நல்லா இருக்கறேன்னுருவாங்க. செய்யற வேலையப் பத்திக் கேட்டா அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க” என்றாள்.

ஒரு சந்தை நாளில் நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பச்சியம்மா என்ற பெண் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், இரண்டு நாள் வீட்டிலேயே வலியில் கிடந்துவிட்டு வண்டியில் வந்தவள். ஆயுதம் போட்டு நான்தான் குழந்தையை எடுத்தேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிரசவத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

“நல்லா இருக்கியா பச்சியம்மா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கறேங்க டாக்டரம்மா. உங்க புண்ணியம்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. செலின் விடவில்லை. “பஸ்ஸுலயா வந்த கண்ணு?”

“இல்லீங்கக்கா. நடந்து.”

“அவ்வளவு தூரமா? பஸ்ஸு ஓடலியா?”

“ஓடுதுங்க.”

செலின் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெயில், கூச்சல், யாரோ தக்காளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். செலின் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, “சீட்டு நனஞ்சிருதுங்கக்கா” என்றாள்.

அது என்னவென்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நாள்கணக்கில் குழந்தையின் தலை அழுத்திக் கிடந்ததில் மூத்திரப்பை நைந்து, வீட்டுக்குப் போன சில நாளில் ஓட்டை விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. நாற்றம் தாங்காமல் புருஷன் வீட்டில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ரிஜிஸ்டரில் அவள் நலமாக இருந்தாள்.

திரும்பி நடக்கும்போது நான் சப்பைக்கட்டு கட்டினேன். போகிற அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தாள் என்றேன். “இருந்துதுங்க, நான் இல்லைன்னு சொல்லல” என்றாள் செலின். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: “கேட்டுட்டு வாய மூடிக்கணுங்க டாக்டரம்மா. நாம பேசிட்டே இருந்தா, நல்லா இருக்கறேன்னு சொல்லித்தான் அவங்க தப்பிச்சுப் போவாங்க.”

பச்சியம்மாவை வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கூடப் போனது செலின்தான். இரண்டு முறை அறுவை செய்து சொட்டுவது நின்றது. அதற்குள் புருஷன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான். பிள்ளை அவன் வீட்டிலேயே இருந்துவிட்டது. அதையும் செலின் அந்தத் தாளில் எழுதினாள். அறுவை வெற்றி என்று மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்டேன். “புள்ள இல்லாம என்னத்த வெற்றிங்க” என்றாள்.

நான் ஒன்று செய்தேன். யாரிடமும் காரணம் சொல்லாமல் செய்தேன். வெகுநேரம் வலியில் கிடந்து வரும் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின், மூத்திரப்பை நிறையாமல் ஆறட்டும் என்று பத்து நாள் மூத்திரக் குழாய் போட்டு, அதுவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். அதற்கடுத்த வருடச் சந்தைகளில், பஸ் ஓடும்போது நடந்து வந்த பெண் ஒருத்தியும் செலினுக்குத் தென்படவில்லை. ஆண்டறிக்கையில் அது ‘நம் மருத்துவரின் புதிய முயற்சி’ என்று அச்சாகி வந்தது. ஓர் எழுத்தர் சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்டதால் வந்தது என்று நான் திருத்தவில்லை. அறிக்கையை செலின்தான் எல்லோருக்கும் உறையிலிட்டு அனுப்பினாள்.

இனி எழுதப்போவதை உங்களில் சிலர் நேரிலேயே பார்த்தீர்கள். நன்கொடையாளர்கள் பார்வையிட வந்த அன்று, செலின் தன் தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ரிஜிஸ்டர் ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம். இரண்டும் ஒரே பெண்களைப் பற்றியவை. ஒன்றில் எல்லோரும் நலம். இன்னொன்றில் நான்கு குடம் எடுத்தவள் ஒரு குடம் எடுக்கிறாள், பால் வற்றியவள் இருக்கிறாள், வீட்டுக்காரர் வந்தால் அடுப்படிக்கு ஓடிவிடுகிறவள் இருக்கிறாள். நிர்வாகியின் முகம் கறுத்தது. அவர் என்னைப் பார்த்து, “டாக்டர், இதை எப்படி எடுத்துக்கொள்வது?” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செலினும் பார்த்தாள். “நோயாளிகள் சொல்வதை வைத்து வைத்தியத்தை அளக்க முடியாது” என்றேன். “படிக்காத ஜனங்கள், எதையாவது சொல்வார்கள்.” என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான் அவை. பச்சியம்மா நின்ற நிலையைக் கண்ணால் பார்த்த பிறகு சொன்னேன்.

செலின் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. “வலி அவங்க ஒடம்புலதானுங்க இருக்குது. அவங்களக் கேக்காம நம்ம ரிஜிஸ்டர்ல எப்பிடிங்க தெரியும்?” என்றாள். தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவளைத் துணி அறைக்கு மாற்றினார்கள். போர்வையும் படுக்கை விரிப்பும் எண்ணி அடுக்கும் வேலை. ரப்பர் ஸ்டாம்பு மறுபடி மேசைக்கு வந்தது. அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மாற்றியிருக்க மாட்டார்கள். அந்த வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு டாக்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு, என் பேச்சுக்கு மதிப்பிருந்தது. ஆனால் நான் மேற்படிப்புக்கு நிர்வாகியின் சிபாரிசுக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இதைவிட நாகரிகமாக எழுத ஒரு காரணமும் இல்லை.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அதை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. துணி அறைக்கு மாறிய பிறகும், சந்தைக்குப் போய்ச் சாக்கு விரித்து உட்காருவது நிற்கவில்லை. வாரத்தில் ஒருநாள் விடுப்பை அதற்கே வைத்துக்கொண்டாள். எனக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைத்து மேற்படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, மொரப்பூர் ரயில் நிலையம்வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு அவளும் வேலையை விட்டுத் தாயோடு இருக்கப் போய்விட்டதாக எழுதினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சலித்துப்போயிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தம்பியின் கடிதம் வந்த வாரமே அவள் ஊருக்குப் போனேன். கல்லறையில் மண் இன்னும் அமரவில்லை. மரச்சிலுவையில் பெயரை யாரோ பெயிண்டால் எழுதியிருந்தார்கள். வீட்டில் செலினின் தாய் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் அதில் உட்காராமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“உடம்பு எப்படி இருக்கிறதம்மா?” என்றேன். வேறு கேள்வி வாயில் வரவில்லை.

“நல்லா இருக்கறேங்க டாக்டரம்மா. எனக்கென்னங்க” என்றார்.

ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கியவள், நிறுத்திக்கொண்டேன். அவருடைய முறத்திலிருந்து ஒரு கை காயை அள்ளி என் மடியிலும் போட்டுக்கொண்டேன். நானும் உரித்தேன். மருமகள் காப்பி வைத்துவிட்டுப் போனாள். காப்பி ஆறி ஆடை படிந்தது. முறம் பாதியாகும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

“சின்னவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்துச்சுங்க” என்றார் பிறகு. செலினின் தங்கையைச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. “இந்த மாதிரி கட்டின்னு வெளிய தெரிஞ்சா குடும்ப வியாதின்னு மாப்பிள்ள வூட்ல பின்வாங்கிருவாங்க. கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத கண்ணுன்னு நான்தாங்க சொன்னேன். டாக்டரம்மாவுக்கு மட்டும் எழுதறேம்மான்னு கேட்டுச்சுங்க. வேண்டாம்னேன். தல சீவக் கையத் தூக்க முடியலம்மான்னு சொல்லுச்சு. சும்மா இருன்னு அதட்டினேன். அதுக்கப்புறம் எம்புள்ள எங்கிட்டகூட ஒண்ணும் சொல்லலீங்க.”

கல்யாணம் மூன்று முறை தள்ளிப்போய், அவள் சாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் நடந்ததாம். இதையெல்லாம் அவர் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அழுது முடிக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி வந்து சொன்னபோதுதான் எழுந்தேன்.

அவளுடைய தாள்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. அவளோடு எடுத்த போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ற ஒரு பழக்கம்தான் செலினிடமிருந்து என்னிடம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பெண்களிடம் அதைச் செய்திருக்கிறேன். அன்று அவள் தாயிடமும் செய்தேன். செலினிடம் ஒருமுறைகூடச் செய்ததில்லை.